தேங்கிக் கிடக்கும் உலக வர்த்தகப் பேச்சு: வட்டார அரசுகள் எந்த வழிக்குத் தோள் கொடுக்கலாம்?

ஆசிய-பசிபிக் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பான ஏபெக்கின் 21 உறுப்பினர்களும் ஆண்டுதோறும் கூடுகிறார்கள். கூட்டம் முடிந்து வெளியாகும் அறிக்கையில் உலக வர்த்தக அமைப்புக்கென்று வழக்கமாக ஒரு பத்தி இருக்கும். 2001-இல் தோஹா சுற்று என்ற உலக வர்த்தகப் பேச்சுவார்த்தை தொடங்கிய பிறகு பல ஆண்டுகள் அந்தப் பத்தி சொன்னது ஏறக்குறைய ஒரே செய்திதான்: பேச்சுவார்த்தையை விரைந்து முடிக்க எங்கள் முழு ஆதரவு உண்டு. 2005-இல் பூசானிலும் 2006-இல் ஹனோயிலும் 2007-இல் சிட்னியிலும் இதற்கென்றே தனி அறிக்கை வந்தது. 2005 ஜனவரி 1-க்குள் முடிந்திருக்க வேண்டிய தோஹா சுற்று இன்றும் முடியவில்லை.

வர்த்தகம் படிக்கும் மாணவர்களும் ஏற்றுமதித் தொழிலில் இருப்பவர்களும் இதைப் பற்றி இரண்டு விதமாகக் கேட்கிறார்கள். "உலக வர்த்தக அமைப்பின் 166 உறுப்பினர்கள் சேர்ந்து முடிக்க முடியாத ஒன்றுக்காக ஒரு வட்டாரத்தின் அரசுகள் ஏன் காத்திருக்க வேண்டும்? தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு போக வேண்டியதுதானே?" என்பது ஒன்று. "எல்லோரும் அப்படிப் போய்விட்டால் எந்த வட்டாரத்திலும் சேர முடியாத ஏழை நாடுகள் என்ன செய்யும்?" என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகள். வியட்நாம், பெரு, பிலிப்பைன்ஸ் போன்ற ஒரு நடுத்தர நாட்டின் வர்த்தக அமைச்சராக உங்களை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. முழுச் சுற்றையும் முடிக்கச் சொல்லி நெருக்கலாம். முடிந்த பகுதியை மட்டும் பிரித்தெடுத்து எல்லா நாடுகளும் ஒப்புக்கொள்ளும்படி செய்யலாம். விரும்பும் நாடுகளை மட்டும் சேர்த்து ஒரு துறையில் ஒப்பந்தம் போடலாம். அல்லது வட்டார ஒப்பந்தத்துக்குப் போய்விடலாம்.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல், கையில் இருக்கும் பிரச்சினை எந்த வகை என்பது. இறக்குமதி வரியை இரண்டு நாடுகள் தங்களுக்குள் குறைத்துக்கொள்ள முடியும். மானியத்தை அப்படிக் குறைக்க முடியாது. அமெரிக்கா தன் பருத்தி விவசாயிக்குக் கொடுக்கும் பணம், அந்தப் பருத்தி எந்த நாட்டுக்குப் போனாலும் உலக விலையைக் கீழே இழுக்கும். "உனக்கு விற்கும் பருத்திக்கு மட்டும் மானியம் கிடையாது" என்று யாரும் ஒப்பந்தம் போட முடியாது. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற பாதிக் குழப்பம் தானாகவே தெளிந்துவிடும்.

இரண்டாவது, பேச்சு நடக்கும் அறையில் யார் இல்லை என்பது. மூன்றாவது காலம்: கையெழுத்தாகும் நாளைவிட, உண்மையில் அமலுக்கு வரும் நாளைப் பாருங்கள். நான்காவது மறைமுகச் செலவு. பேச்சுக்கு அனுப்பும் அதிகாரிகள், சுங்கத்துறையில் கூடும் காகித வேலை, இன்று விட்டுக்கொடுத்ததால் நாளை பேரம் பேசக் கையில் எதுவும் இல்லாமல் போவது எல்லாம் இதில் சேரும். ஐந்தாவது, ஒப்பந்தத்தை ஒருவர் மீறினால் முறையிட ஓர் இடம் இருக்கிறதா என்பது.

முதல் வழி: முழுச் சுற்றையும் முடிக்க நெருக்குவது

தோஹாவுக்கு முந்தைய உருகுவே சுற்றும் தோஹா சுற்றும் ஒரே அடிப்படையில் நடந்தவை: எல்லாம் முடிவாகும்வரை எதுவும் முடிவாகாது. விவசாயத்தில் ஒருவர் விட்டுக்கொடுப்பார், அதற்கு ஈடாகத் தொழிற்பொருள் வரியில் இன்னொருவர் இறங்கி வருவார். கட்டு பெரிதாக இருந்தால்தான் எல்லோருக்கும் கொடுக்க ஏதாவது இருக்கும் என்பது இதன் நம்பிக்கை.

இந்த வழியில் வட்டார ஆதரவு பலித்ததற்கு நல்ல உதாரணம் 1993. உருகுவே சுற்று 1986 செப்டம்பரில் புன்டா டெல் எஸ்டேயில் தொடங்கியது. 1990 டிசம்பரில் பிரசல்ஸில் முடிந்திருக்க வேண்டும். விவசாய மானியத்தில் ஐரோப்பா இறங்கிவராததால் அங்கே உடைந்தது. மூன்று ஆண்டு இழுபறிக்குப் பிறகு, 1993 நவம்பர் 20 அன்று சியாட்டில் அருகே பிளேக் தீவில் ஏபெக் தலைவர்கள் முதன்முறையாகக் கூடினார்கள். அதற்கு மூன்று நாள் முன்புதான் வட அமெரிக்கத் தாராள வர்த்தக ஒப்பந்தம் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியிருந்தது. உலகச் சுற்று முடியாவிட்டால் அமெரிக்காவுக்குப் போக வேறு இடம் இருக்கிறது என்பதை இந்த இரண்டு நிகழ்வுகளும் ஐரோப்பாவுக்குக் காட்டின. டிசம்பர் 15 அன்று, இருபத்தைந்தே நாளில், உருகுவே சுற்று முடிந்தது. ஏபெக் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்காவும் ஐரோப்பாவும் விவசாயத்தில் தங்கள் பழைய உடன்பாட்டைத் திருத்திக்கொண்டது பெரிய காரணம். ஆனால் அந்தத் திருத்தத்துக்கு இருவரையும் உட்கார வைத்த நெருக்கடியில் பிளேக் தீவுக்குப் பங்கு இருந்தது என்பது பரவலான கணிப்பு. நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இப்போது 2008-ஐப் பாருங்கள். ஜூலையில் உலக வர்த்தக அமைப்பின் தலைமையகம் உள்ள ஜெனீவாவில் அமைச்சர்கள் ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். பட்டியலில் 20 விஷயங்கள் இருந்தன, 18-இல் கருத்துகள் நெருங்கின, 19-ஆவதில் பேச்சு உடைந்தது என்று அப்போதைய தலைமை இயக்குநர் பாஸ்கல் லாமி சொன்னார். அந்தப் பத்தொன்பதாவது, சிறப்புக் காப்பு வரி. வெளிநாட்டு உணவுப் பொருள் திடீரென்று வந்து குவிந்தால் வளரும் நாடுகள் வரியை உயர்த்திக்கொள்ளும் உரிமை அது. இறக்குமதி 40 விழுக்காடு கூடிய பிறகுதான் அந்த உரிமையைப் பயன்படுத்தலாம் என்றது முன்வைக்கப்பட்ட வரைவு. அதற்குள் எங்கள் சிறு விவசாயி அழிந்துபோவான் என்றது இந்தியா. அதே ஆண்டு நவம்பரில் வாஷிங்டனில் ஜி-20 தலைவர்களும், ஒரு வாரம் கழித்து லிமாவில் ஏபெக் தலைவர்களும், ஆண்டு முடிவதற்குள் அடிப்படை உடன்பாட்டை எட்டுவோம் என்றார்கள். டிசம்பரில் லாமி அமைச்சர்கள் கூட்டத்தையே கூட்டவில்லை. கூட்டினாலும் முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1993-க்கும் 2008-க்கும் என்ன வித்தியாசம்? ஆதரவுச் சொற்கள் இரண்டு முறையும் வலுவாகத்தான் இருந்தன. 1993-இல் அவற்றின் பின்னால், பேச்சு முறிந்தால் இழக்கப்போவது யார் என்ற கணக்கு தெளிவாக இருந்தது. 2008-இல் லிமாவில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர்கூட, காப்பு வரியிலோ பருத்தி மானியத்திலோ தான் எவ்வளவு இறங்கிவரத் தயார் என்று சொல்லவில்லை. இறங்கிவர வேண்டிய இந்தியாவோ ஏபெக்கில் உறுப்பினரே இல்லை. கொடுக்க வேண்டியவர்கள் இல்லாத இடத்திலிருந்து வந்த ஆதரவு அது.

பருத்தியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வழியை நான் முழுதாகக் கைவிடாமல் இருப்பதற்குக் காரணமே அதுதான். பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி என்ற நான்கு மேற்கு, மத்திய ஆப்பிரிக்க நாடுகள் 2003-இல் பருத்தி மானியத்தைத் தோஹா சுற்றுக்குக் கொண்டுவந்தன. அங்கே லட்சக்கணக்கான குடும்பங்களுக்குக் கையில் காசு பார்க்கும் ஒரே பயிர் பருத்தி. மானியத்தைக் குறையுங்கள், அதுவரை இழப்பீடு கொடுங்கள் என்று கேட்டார்கள். 2005-இல் ஹாங்காங் மாநாட்டில் பருத்தி ஏற்றுமதி மானியத்தை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். உள்நாட்டு மானியம்தான் பெரியது, அது அப்படியே நின்றது. அதே பருத்தி மானியத்துக்காகப் பிரேசில் அமெரிக்காமீது வழக்குத் தொடுத்து வென்றது. கடைசியில் 2014-இல் 30 கோடி டாலர் வாங்கிக்கொண்டு சமரசம் செய்துகொண்டது. பிரேசிலிடம் வழக்கறிஞர்களும் பதிலடி வரி போடும் பலமும் இருந்தன. மாலியிடம் இரண்டும் இல்லை. மாலிக்கு ஏபெக்கில் இடமில்லை, தென்கிழக்காசிய நாடுகளின் ஆசியானில் இடமில்லை, எந்தப் பெரிய வட்டார ஒப்பந்தத்திலும் அமெரிக்காவோடு சமமாக உட்கார வழியில்லை. அதன் குரல் கேட்கும் ஒரே அறை ஜெனீவாவில் இருக்கிறது. அந்த அறையைப் பூட்டிவிட்டுப் போவது எளிது என்று பேசுபவர்கள் இந்த நான்கு நாடுகளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

மறைமுகச் செலவு, பிணைப்பு. சுங்க நடைமுறையை எளிதாக்கும் பேச்சு 2004-இல் தொடங்கியது. அதை அடியோடு எதிர்த்தவர்கள் மிகக் குறைவு. இருந்தும் விவசாயம் முடியட்டும் என்று அது 2013 வரை காத்துக் கிடந்தது. சிறிய நாடு ஒன்று தன் மிகத் திறமையான ஐந்தாறு அதிகாரிகளைப் பத்தாண்டு ஒரே சுற்றில் கட்டிப்போடுவதும் செலவுதான்.

இரண்டாம் வழி: முடிந்ததை மட்டும் பிரித்து எடுப்பது

2011 டிசம்பரில் நடந்த அமைச்சர்கள் மாநாடு, தோஹா முட்டிநிற்கிறது என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அதற்கு ஒரு மாதம் முன் ஹொனலுலுவில் ஏபெக் தலைவர்களின் பேச்சிலும் தொனி மாறியிருந்தது. அப்புறம் வந்தது பாலி.

2013-இல் இந்தோனேசியா மூன்று பொறுப்புகளை ஒரே நேரத்தில் வகித்தது. அக்டோபரில் ஏபெக் மாநாடு பாலியில். டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பின் மாநாடும் பாலியில். உணவுக் கையிருப்புக்காகக் குரல் கொடுத்த ஜி-33 நாடுகளின் ஒருங்கிணைப்பாளரும் இந்தோனேசியாதான். ஒரு பக்கம் பணக்கார நாடுகளோடும் மறுபக்கம் விவசாய நாடுகளோடும் பேசக்கூடிய இடத்தில் அது இருந்தது. பாலியில், சுங்க நடைமுறையை எளிதாக்கும் வர்த்தக வசதி ஒப்பந்தம் பிறந்தது. 1995-இல் உலக வர்த்தக அமைப்பு உருவான பிறகு எல்லா உறுப்பினர்களும் சேர்ந்து போட்ட முதல் புதிய ஒப்பந்தம் அது. வட்டார ஆதரவு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நான் காட்டும் இரண்டாவது உதாரணம் இது: ஆதரிக்கிறவரே வீட்டைத் திறந்து, இரு தரப்பையும் கூப்பிட்டு, நடுவில் உட்கார்ந்தார்.

பாலியின் மறுபாதி நமக்கு நெருக்கமானது. அரசு குறைந்தபட்ச ஆதரவு விலை கொடுத்து நெல் வாங்கி ரேஷன் கடையில் தருவதை, உலக வர்த்தக அமைப்பின் விதிகள் ஒருவகை மானியமாகக் கணக்கிடுகின்றன. உற்பத்தி மதிப்பில் 10 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கணக்குக்கு எடுக்கும் அடிப்படை விலையோ 1986-88 காலத்து விலை! அன்றைய விலையோடு ஒப்பிட்டால் இன்று எந்தக் கொள்முதல் விலையும் பெரிய மானியமாகத்தான் தெரியும். பாலியில் இதற்குத் தற்காலிகச் சமாதானப் பிரிவு கிடைத்தது: நிரந்தரத் தீர்வு வரும்வரை யாரும் வழக்குப் போட மாட்டார்கள். அந்தப் பாதுகாப்பு போதாது என்று 2014 ஜூலையில் இந்தியா வர்த்தக வசதி ஒப்பந்தத்தை நிறுத்திவைத்தது. அந்த நவம்பரில் அமெரிக்காவோடு பேசி, தீர்வு வரும்வரை சமாதானப் பிரிவு தொடரும் என்ற தெளிவைப் பெற்ற பிறகே வழிவிட்டது. பின்னர் 2018-19 நெல் கொள்முதலில் வரம்பைத் தாண்டியபோது இந்தியா இந்தப் பிரிவைப் பயன்படுத்தவும் செய்தது.

இதில்தான் இந்த வழியின் மறைமுகச் செலவு ஒளிந்திருக்கிறது. முதலில் பிரித்தெடுக்கப்படுவது பெரும்பாலும் பெரிய வணிக நாடுகளுக்கு உடனே பலன் தரும் பகுதி. ஏழை நாட்டின் கோரிக்கைக்கு 'தற்காலிக' ஏற்பாடு கிடைக்கும். பிரித்தெடுத்த பிறகு மிச்சத்தைப் பேச எதிர்த்தரப்புக்கு அவசரம் இருக்காது. நிரந்தரத் தீர்வு 2024-இல் அபுதாபி மாநாட்டிலும் வரவில்லை. ஆகவே இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர், தன் கையில் இருக்கும் துருப்புச் சீட்டை எந்தத் துண்டுக்காகச் செலவழிக்கிறோம் என்று முதலிலேயே கணக்குப் போட வேண்டும். இந்தியா 2014-இல் செய்ததைப் பலர் முரட்டுத்தனம் என்றார்கள். எனக்கு அது சரியான கணக்காகவே தெரிகிறது. நிறுத்திவைக்காமல் இருந்திருந்தால் அந்தத் தெளிவு கிடைத்திருக்காது.

மற்றபடி இந்த வழியின் பலன்கள் உண்மையானவை. வர்த்தக வசதி ஒப்பந்தம் 2017 பிப்ரவரி 22 அன்று அமலுக்கு வந்தது. அது முழுமையாக நடைமுறைக்கு வந்தால் வர்த்தகச் செலவு சராசரியாக 14.3 விழுக்காடு குறையும் என்பது உலக வர்த்தக அமைப்பின் மதிப்பீடு. எதை உடனே செய்ய முடியும், எதற்குக் காலம் வேண்டும், எதற்கு உதவி வேண்டும் என்று வளரும் நாடுகளே பிரித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடும் அதில் உண்டு. 2015-இல் நைரோபியில் விவசாய ஏற்றுமதி மானியத்தை ஒழிக்க ஒப்புக்கொண்டார்கள். 2022-இல் மீன்பிடி மானிய ஒப்பந்தம் வந்து, 2025 செப்டம்பர் 15 அன்று அமலானது. அதற்கும் பேச்சு தொடங்கியது 2001-இல்தான்! சட்டவிரோத மீன்பிடிப்புக்கும் வற்றிப்போன மீன்வளங்களுக்கும் தரும் மானியத்தை அது தடுக்கிறது. அளவுக்கு மீறிய கப்பல்களைக் கட்டவும் ஓட்டவும் தரும் மானியம் இன்னும் வெளியேதான் நிற்கிறது. அதாவது, கடினமான பகுதி இங்கும் மிச்சம்.

மூன்றாம் வழி: விரும்புகிறவர்கள் மட்டும் சேர்வது

1996 நவம்பரில் பிலிப்பைன்ஸின் சுபிக்கில் கூடிய ஏபெக் தலைவர்கள், கணினி, தொலைத்தொடர்புப் பொருள்களுக்கு வரி நீக்கும் ஒப்பந்தத்தை ஆதரித்தார்கள். மூன்று வாரத்துக்குள் சிங்கப்பூரில் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம் பிரகடனமானது. உலகின் அந்தத் துறை வர்த்தகத்தில் சுமார் 90 விழுக்காடு உள்ளே வந்தால்தான் செல்லும் என்று நிபந்தனை வைத்தார்கள். 1997-இல் அதுவும் நிறைவேறி, வரி இறங்கத் தொடங்கியது. சேராத நாடுகளுக்கும் அதே குறைந்த வரி கிடைத்தது. பேச்சு தொடங்கி அமலாகும்வரை எடுத்துக்கொண்ட காலத்தைப் பார்த்தால், இங்கே பேசப்படும் ஒப்பந்தங்களில் இதுவே மிக விரைவானது.

ஆனால் இந்த வெற்றியைத் திரும்பச் செய்ய ஏபெக் முயன்றபோதெல்லாம் சறுக்கியது. 1997-98-இல் பல துறைகளில் தாமாகவே வரி குறைக்கும் திட்டம் ஒன்றை எடுத்தார்கள். மீனிலும் மரப்பொருள்களிலும் ஜப்பான் மறுத்தது, திட்டம் கோலாலம்பூர் மாநாட்டோடு நின்றது. 2012-இல் விளாடிவொஸ்டோக்கில் 54 சுற்றுச்சூழல் பொருள்களின் வரியை 2015-க்குள் 5 விழுக்காடு அல்லது அதற்குக் கீழே கொண்டுவர ஒப்புக்கொண்டார்கள். அதை உலக ஒப்பந்தமாக வளர்க்க 2014-இல் தொடங்கிய பேச்சு 2016 டிசம்பரில் நின்றுபோனது. கணினிக்கு எல்லா நாட்டிலும் வாங்குகிறவர்கள் இருந்தார்கள். மீனுக்கும் மரத்துக்கும் எல்லா நாட்டிலும் காக்க வேண்டியவர்கள் இருந்தார்கள்.

மின் வணிகத்தில் ஆஸ்திரேலியா, ஜப்பான், சிங்கப்பூர் மூன்றும் முன்நின்று நடத்திய பேச்சு 2024 ஜூலையில் ஒரு வரைவுக்கு வந்தது. அமெரிக்கா அதில் சேரவில்லை. முதலீட்டு வசதி பற்றிய இன்னோர் ஒப்பந்தத்தை 120-க்கும் மேற்பட்ட நாடுகள் ஆதரித்தன. அதை உலக வர்த்தக அமைப்பின் சட்டத்துக்குள் சேர்க்க 2024-இல் அபுதாபியில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் ஒப்புக்கொள்ளவில்லை. விரும்புகிறவர்கள் மட்டும் சேர்ந்தால் போதும் என்றாலும், அதை அமைப்பின் கூரைக்குக் கீழே கொண்டுவர எல்லோரும் ஒப்ப வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கவனிக்கத் தவறும் செலவு இது.

இன்னொரு செலவு காலத்தோடு வளர்வது. தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா 1997-இல் சேர்ந்தது. கைபேசி அன்று யாரோ சிலரிடம் இருந்த பொருள். பின்னாளில் உள்நாட்டுத் தயாரிப்பை வளர்க்க இந்தியா கைபேசிக்கு வரி போட்டபோது, ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் தைவானும் வழக்குத் தொடுத்தன. அந்தப் பழைய வாக்குறுதி இதற்கும் பொருந்தாது என்று இந்தியா வாதிட்டது. 2023-இல் தீர்ப்புகள் இந்தியாவுக்கு எதிராக வந்தன. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் கைபேசி ஆலைகளில் வேலை செய்கிறவர்களுக்கு 1996-இல் சிங்கப்பூரில் எழுதப்பட்ட பட்டியலோடு உள்ள உறவு இது. ஒரு துறை எப்படி வளரும் என்று தெரியாதபோது அதில் கையெழுத்திடுவதற்கு முன் உள்ளூர்த் தொழில்துறையினரைக் கூப்பிட்டுக் கேட்பது நல்லது.

நான்காம் வழி: வட்டார ஒப்பந்தம்

இதன் கவர்ச்சி எல்லோருக்கும் தெரியும். தெரிந்த முகங்கள், குறைந்த எண்ணிக்கை, வேண்டாதவரைக் கூப்பிட வேண்டியதில்லை. ஆசியான் முன்னெடுத்த வட்டார விரிவான பொருளாதாரக் கூட்டாண்மை எனும் ஆர்.சி.இ.பி. ஒப்பந்தத்தில் 15 நாடுகள் 2020 நவம்பர் 15 அன்று கையெழுத்திட்டன, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பசிபிக் கரை நாடுகளின் டிரான்ஸ்-பசிபிக் ஒப்பந்தத்திலிருந்து 2017-இல் அமெரிக்கா வெளியேறிய பிறகும் மீதி 11 நாடுகள் விடாமல் அதைத் திருத்திக் கையெழுத்திட்டன, 2018 டிசம்பரில் அது அமலுக்கு வந்தது. ஆப்பிரிக்கக் கண்டத்துக்கான தாராள வர்த்தக ஒப்பந்தம் 2019-இல் அமலாகி, அதன்கீழ் வர்த்தகம் 2021-இல் தொடங்கியது.

ஆனால் 'விரைவு' என்ற எண்ணத்தைக் கொஞ்சம் சரிபாருங்கள். ஆர்.சி.இ.பி. பேச்சு தொடங்க முடிவெடுத்தது 2012-இல். அமலாக ஒன்பது ஆண்டுக்குமேல் ஆயிற்று. அதன் வரிக் குறைப்புகளில் பல, இருபது ஆண்டு வரை நீளும் படிகளில் வருகின்றன. பால் பொருள்களைப் பற்றியும் சீன இறக்குமதியைப் பற்றியும் அஞ்சி இந்தியா 2019 நவம்பரில் பாங்காக்கில் விலகியது. உலகப் பேச்சில் தீராத பயம் வட்டாரப் பேச்சிலும் கூடவே வரும்.

மறைமுகச் செலவு சிறு ஏற்றுமதியாளர் தலையில் விழுகிறது. ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும் பொருள் எங்கே உருவானது என்று நிரூபிக்கும் மூல விதி வேறு. ஒன்றில் 40 விழுக்காடு மதிப்பு வட்டாரத்துக்குள் சேர்ந்திருக்க வேண்டும், இன்னொன்றில் நூலே வட்டாரத்துக்குள் நூற்கப்பட்டிருக்க வேண்டும். ஒரே சட்டைக்கு மூன்று சந்தைக்கு மூன்று ஒரிஜின் சர்டிபிகேட். ஆசியாவில் இப்படி ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கும் ஒப்பந்தங்களுக்கு நம் இடியாப்பச் சிக்கல் என்ற சொல் அப்படியே பொருந்தும். பெரிய நிறுவனம் இதற்கென்று ஓர் ஆளை வைத்துக்கொள்ளும். இருபது தையல் இயந்திரம் வைத்திருப்பவர், சலுகை வேண்டாம் என்று முழு வரியையே கட்டிவிடுவார். ஆர்.சி.இ.பி. பதினைந்து நாட்டுக்கும் ஒரே மூல விதியைக் கொண்டுவந்ததை நான் பாராட்டுவது இதனால்தான். வரிக் குறைப்பைவிட அதுவே அதன் பெரிய கொடை.

அப்புறம் மானியம். உள்நாட்டு விவசாய மானியத்தை எந்தப் பெரிய வட்டார ஒப்பந்தமும் தொடுவதில்லை. தொடவும் முடியாது என்பதை மேலே பார்த்தோம்.

ஒரே பார்வையில்

| வழி | எந்தப் பிரச்சினைக்குப் பொருந்தும் | எடுத்துக்கொண்ட காலம் | மறைமுகச் செலவு |
|---|---|---|---|
| முழுச் சுற்று | விவசாய மானியம், பருத்தி, காப்பு வரி | உருகுவே: 7 ஆண்டு, தோஹா: 2001 முதல், முடியவில்லை | தயாரான பகுதிகளும் பிணையில் கிடக்கும் |
| பிரித்தெடுத்த துண்டு | சுங்க நடைமுறை, ஏற்றுமதி மானியம், மீன்பிடி | சுங்கம்: 2004–2017, மீன்பிடி: 2001–2025 | கடினமானது மிச்சமாகும், பேரம் பேசும் பலம் குறையும் |
| விரும்புவோர் மட்டும் | மின்னணுப் பொருள், சேவை, மின் வணிகம் | தகவல் தொழில்நுட்பம்: அறிவிப்பிலிருந்து அமல்வரை ஓராண்டுக்குள் | அமைப்புக்குள் சேர்க்க எல்லோரும் ஒப்ப வேண்டும், பழைய வாக்குறுதி பின்னாளில் கட்டும் |
| வட்டார ஒப்பந்தம் | இறக்குமதி வரி, முதலீடு | ஆர்.சி.இ.பி.: 2012–2022 | மூலச் சான்றுச் சிக்கல், வெளியே நிற்கும் நாடுகள் |

முறையிடும் இடத்தைப் பட்டியலில் சேர்க்கவில்லை, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். புதிய நீதிபதிகளை நியமிக்க அமெரிக்கா ஒப்புக்கொள்ளாததால், உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு 2019 டிசம்பரில் செயலிழந்தது. தோற்றவர் மேல்முறையீடு செய்தால் வழக்கு அங்கேயே தொங்கும். இது முதல் மூன்று வழிகளின் மதிப்பையும் குறைக்கிறது. 2020 முதல் ஐரோப்பிய ஒன்றியம், சீனா உள்ளிட்ட சில உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒரு மாற்று மேல்முறையீட்டு ஏற்பாட்டை வைத்திருக்கிறார்கள். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அதில் சேருவது நடுத்தர நாட்டுக்கு மலிவான காப்பீடு.

எந்த நிலையில் எது

உங்கள் நாடு அரிசியோ பருத்தியோ சர்க்கரையோ விற்று, பணக்கார நாட்டு மானியத்தால் அடிபடுகிறது என்றால் முதல் வழியை விட்டுவிடாதீர்கள். ஆனால் பொதுவான ஆதரவு அறிக்கையில் கையெழுத்திடுவதோடு நிற்காமல், ஒத்த நாடுகளோடு சேர்ந்து ஒரு பொருளில் கேளுங்கள். 1986-இல் கெய்ர்ன்ஸ் நகரில் 14 விவசாய ஏற்றுமதி நாடுகள் அப்படித்தான் சேர்ந்தன. 1988-இல் மான்ட்ரியலில் அதன் லத்தீன் அமெரிக்க உறுப்பினர்கள், விவசாயம் இல்லாமல் மற்ற எதையும் முடிக்க விடமாட்டோம் என்று நின்றார்கள். உருகுவே சுற்றில் விவசாயம் இடம்பிடித்ததற்கு அந்தப் பிடிவாதம் பெரிய காரணம்.

துறைமுகத்தில் சரக்கு நாள்கணக்கில் நிற்பதுதான் பிரச்சினை என்றால் இரண்டாம் வழியிலேயே தீர்வு கையில் இருக்கிறது. புதிய பேச்சே தேவையில்லை. வர்த்தக வசதி ஒப்பந்தத்தில் கொடுத்த வாக்குறுதிகளை அமலாக்குங்கள், அதற்கான உதவியைக் கேட்டு வாங்குங்கள்.

எல்லா நாட்டிலும் வாங்குகிறவர்கள் இருக்கும், காக்க வேண்டியவர்கள் குறைவாக இருக்கும் துறை என்றால் மூன்றாம் வழி. சேராதவருக்கும் பலன் போகும்படி எழுதினால், பின்னால் வரும் எதிர்ப்பும் குறையும்.

அண்டை நாட்டோடுதான் உங்கள் வர்த்தகத்தின் பெரும்பகுதி, தொழிற்சாலைகள் எல்லை கடந்து உதிரிபாகம் வாங்குகின்றன என்றால் நான்காம் வழி. புதிதாக ஒன்று போடுவதைவிட, இருக்கிறவற்றின் மூல விதிகளை ஒன்றாக்குவதில் முதலில் நேரம் செலவிடுங்கள்.

இரண்டு வழிகளை ஒன்றாகவும் பிடிக்கலாம். நடுத்தர நாடுகள் உண்மையில் அப்படித்தான் செய்கின்றன, நானும் அதைத்தான் பரிந்துரைப்பேன். வட்டார ஒப்பந்தம் கையில் இருந்தால், ஜெனீவாவில் மற்றவர்களை நகர்த்த அது உதவும், 1993-இல் உதவியதைப் போல. 2018-இல் போர்ட் மோர்ஸ்பியில் நடந்ததைத் தவிர்க்க வேண்டும். உலக வர்த்தக அமைப்பைப் பற்றிய வாசகங்களில் அமெரிக்காவும் சீனாவும் மோதியதால், ஏபெக் தலைவர்கள் முதன்முறையாகக் கூட்டறிக்கை இல்லாமலே கலைந்தார்கள். நடுவில் இருந்த நாடுகள் தங்களுக்குள் ஒரு வரைவை வைத்துக்கொண்டு அங்கே போயிருந்தால் அந்தக் கூட்டத்திலிருந்து ஏதாவது வெளிவந்திருக்கலாம்.

அடுத்த முறை ஏபெக், ஆசியான், ஆப்பிரிக்க ஒன்றியம் என எந்த வட்டாரத்தின் அறிக்கை வந்தாலும், உலக வர்த்தக அமைப்பைப் பற்றிய பத்தியை எடுத்து மூன்று விஷயங்களைத் தேடுங்கள். ஒரு பொருளின் பெயரோ துறையின் பெயரோ இருக்கிறதா? தேதி இருக்கிறதா? கையெழுத்திட்டவர்கள் தாங்கள் எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்று ஒரு வரியாவது இருக்கிறதா? 1996-இல் சுபிக்கில் துறையின் பெயரும் தேதியும் இருந்தன. 2012-இல் 54 பொருள்களின் பட்டியலே இருந்தது. பருத்தி என்ற சொல் அந்தப் பத்தியில் வந்திருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.